மாதா வந்த கிழமையும் அருள் அண்ணையின் ஹைற்சுங்கும்

ஜெர்மனியில், வுப்பர்டாலில் குளிர் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் முதலில் தொலைபேசி எடுப்பது அருட்பிரகாசம் அண்ணைக்கு. சன்னலுக்குக் கீழே சுவரோடு நிற்கும் இரும்புத் தகட்டை, ஹைற்சுங் என்று நாங்கள் சொல்வதை, தொட்டால் சூடில்லை. தலைக்குச் சவர்க்காரம் போட்ட நேரம் பார்த்துச் சுடுதண்ணீர் நின்றுவிட்டது. குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள். எதுவென்றாலும் அவர்தான். வீட்டு உரிமையாளருக்குச் சொல்வது என்பது எங்களுக்குள் கிடையாது. சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம். அப்படி எழுப்பப்பட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை, ஏனென்றால் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

அண்ணைக்கு அறுபது வயது. மன்னார் ஆள். இரவில் ஒரு பெரிய பேக்கரியில் பாண் சுடுகிற வேலை, பகலில் நித்திரை. ஹைற்சுங் வேலையை ஒரு பள்ளிக்கூடத்திலும் படித்தவர் அல்ல. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர், அகதி விடுதியில் முதல் குளிர்காலத்தில், பதினாறு பேர் ஒரே அறையில் நடுங்கிக்கொண்டிருந்தபோது இவர் இரும்புக் குறடு ஒன்றை எடுத்துக் கண்ணில் பட்ட ஆணியைத் திருகினார். கறுத்தத் தண்ணீர் கூரை வரை பீறிட்டுப் பதினாறு பேரையும் நனைத்தது. ஆனால் அன்று பின்னேரமே அறை சூடாகிவிட்டது. அன்றைக்குப் பிடித்த தொழில். இப்போது ஹைற்சுங்குக்குள் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற சின்னப் பித்தளைச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்து வைத்திருக்கிறார். பூசையில் முழங்காலில் இருக்கும்போது இரண்டும் உரசுகிற சத்தம் பின்வரிசைக்குக் கேட்கும்.

நான் மக்டலீன், அவர்களுக்குக் கீழ்வீடு. முதியோர் இல்லம் ஒன்றில் சமையலறை வேலை. பதினாறு வருடமாக அவரையும் அவருடைய மனைவி இமெல்டா அக்காவையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணைக்குத் தொழில் தெரியும், அதை நான் மறுக்கமாட்டேன். போன வருடம் என் குளியலறையில் சுடுதண்ணீர் வராமல் போனபோது குழாயில் காது வைத்து ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு ஷவரின் தலையைக் கழற்றி, சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, தண்ணீர் போதாமல் அதைச் சூடாக்குகிற மெஷின் பற்றவில்லை என்று சொல்லி, ஒரு கோப்பை வினாகிரியில் ஊறப்போட்டார். மறுநாள் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது.

ஆனால் 'நான் விட்ட பிழை' என்று மட்டும் அந்த வாயால் வராது. ஒருமுறை அடுத்த தெரு டெல்சி வீட்டில் காற்றுத் திறக்கப் போய், அந்த அறை விரிப்பு முழுவதும் கறுத்தத் தண்ணீர். டெல்சி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, இவர் விரிப்பை ஒரு முறை பார்த்தார். "உது எப்பிடியும் மாத்தவேண்டிய விரிப்புத்தானே பிள்ளை" என்றார். அவ்வளவுதான். டெல்சி விரிப்பை மாற்றினாள்.

இந்தக் கதை போன ஒக்ரோபரில் நடந்தது. ஒக்ரோபர் செபமாலை மாதம். எங்கள் ஆட்களிடம் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை, ஞாயிறிலிருந்து ஞாயிறு வரை. பின்னேரம் ஆறு மணிக்கு அந்த வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லுவோம். வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டுக்கு ஆளுக்கொரு மெழுகுதிரி கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த முறை மூன்றாம் கிழமை அருள் அண்ணை வீடு.

அதே கிழமையில்தான் யூலியாவின் காரியமும் வந்து விழுந்தது. யூலியா அவர்களுடைய ஒரே மகள். ஹைடல்பேர்க்கில் பிசியோதெரபி வேலை. கழுத்து நோவுக்கு அவளிடம் வந்த வசந்த்குமார் என்ற பெடியன், கழுத்து சுகமான பிறகும் வந்துகொண்டே இருந்தான். வால்டோர்ஃபில் கணினி வேலை, திருச்சிப் பக்கம், இந்துக் குடும்பம். தாயும் தகப்பனும் மூன்று கிழமை விசாவில் மகனிடம் வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக விமானம். அதற்கு முன்னர் பெண் வீட்டை ஒருமுறை பார்க்கவேண்டும், பார்த்த பிறகுதான் பதில் என்று தாய்க்காரி சொல்லிவிட்டார். சனிக்கிழமை நாலு மணி என்று முடிவானது.

யூலியா திங்கட்கிழமையே லீவு போட்டுக்கொண்டு வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, அந்த அம்மாவுக்குக் குளிர் துண்டா ஏலாது. வந்த நாள் தொடக்கம் போர்வைக்குள்ளைதான் இருக்கிறாவாம். இந்த நாட்டிலை மனிசர் என்னண்டு இருக்கினம் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாவாம். எனக்கு நீங்கள் வேறை ஒண்டும் செய்யவேண்டாம். அவ இருக்கிற ரெண்டு மணித்தியாலமும் ஹோல் சூடா இருக்கோணும்."

"ஹைற்சுங்கைப் பற்றி எனக்குச் சொல்லுறியோ" என்று சிரித்தார் அண்ணை.

அன்று பின்னேரம் செபமாலைக்குப் போனேன். அண்ணை பீடம் கட்டியிருந்த அழகைச் சொல்லவேண்டும். சன்னல் படியில் இரண்டு தட்டு, சிவப்பு வெல்வெட், கலர் பல்புகள், நடுவில் மாதா. திரிகளை வெல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று யோசித்து, ஹைற்சுங்கின் வலது ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் எவர்சில்வர் தட்டம் வைத்து, அதில் அடுக்கியிருந்தார். குவளைகளில் அக்கா தினமும் புதுத் திரி போட்டு நாலு மணிக்கே கொளுத்துவார், இரவுக்குள் எரிந்து முடியும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று நானே அவரைப் புகழ்ந்தேன். ஆனால் ஹோல் குளிர்ந்து கிடந்தது. செபமாலையில் மூன்றாம் தேவரகசியம் முடிய முன்னர் பாதிப்பேர் எழும்பிப் போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

செவ்வாய் காலை அண்ணை வேலையால் வந்து தொட்டுப் பார்த்தார். ஹைற்சுங் கொதிக்கிறது. "ஹைற்சுங் போட்ட முதல் நாள் எண்டபடியாச் சுணங்கினது" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பின்னேரம் ஆறு மணிக்கு மறுபடி பச்சைக் குளிர். பழைய கட்டடம், சன்னல் இடுக்கால் காற்று வரும், தகடு ஆறினால் அரை மணித்தியாலத்தில் அறையும் ஆறிவிடும். அன்றைக்கு வந்தவர்கள் இந்த வீட்டுக்குச் சூடு வேண்டும் என்றும் சேர்த்து மன்றாடிக் கூடுதலாக நாலு திரி வைத்துவிட்டுப் போனார்கள்.

புதன் காலை அண்ணை கழுத்துச் சாவியைக் கழற்றிக் காற்றுத் திறந்தார். காற்றே இல்லை, நல்ல தண்ணீர் வந்தது. நிலவறைக்குப் போய்ப் பெரிய கொதிகலனின் அமுக்கம் பார்த்தார். ஊசி நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. வியாழன், ஹைற்சுங்கின் ஓரத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற எண் போட்ட குமிழைக் கழற்றினார். அதற்குள்ளே ஒரு சின்ன ஊசி இருக்கிறது, கோடைகாலம் முழுக்கச் சும்மா நின்று சிக்கிவிடும், அதைத் தட்டி எடுத்துவிட்டால் சரி என்று எனக்கு விளங்கப்படுத்தினார். தட்டினார். ஊசி நன்றாகத்தான் ஓடியது. ஹைற்சுங்கும் கொதித்தது. பின்னேரம் மறுபடி குளிர். வெள்ளி, குமிழே பழுதென்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ப் புதுக் குமிழ் வாங்கி வந்து பூட்டினார். மத்தியானம் ஹோலில் மேற்சட்டை இல்லாமல் இருக்கலாம் போல வெக்கை. பின்னேரம், சொல்லத் தேவையில்லை.

படுக்கை அறைகள் இரண்டும் நல்ல சூடு, அதுதான் பெரிய எரிச்சல். சம்பந்தம் பேச வருகிறவர்களைக் கட்டிலிலா இருத்துவது?

"பின்னேரத்திலை மேல்வீட்டுக்காரன் முழுச் சூட்டையும் இழுக்கிறான்" என்று அண்ணை கண்டுபிடித்தார். மேலே போய் மணி அடித்தார். அந்த ஜெர்மன் கிழவர் அரைக்கைச் சட்டையோடு, சன்னலைத் திறந்துவிட்டு நின்றாராம். அவருடைய ஹைற்சுங் இந்த வருடம் இன்னும் தொடங்கவே இல்லையாம்.

அன்றைக்குத்தான் இமெல்டா அக்கா அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"இஞ்சருங்கோ, ஹவுஸ்மைஸ்ரருக்கு அடிச்சுச் சொல்லுவமே."

வீட்டைப் பராமரிக்கிற ஆளுக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லச் சொல்கிறார். அண்ணையின் முகம் கறுத்துப்போனது. "முப்பத்தைஞ்சு வருசமா ஒருத்தரையும் அடிக்க விடாத நான் அடிக்கிறதோ? நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

யூலியா தகப்பனுக்குத் தெரியாமல் என் வீட்டுக்கு இறங்கி வந்து அடித்தாள். ஒருவரும் அவளை வீட்டை விட்டு எழுப்பவில்லை. மிகவும் மரியாதையாக ஒரு ரெர்மீன் கொடுத்தார்கள். நவம்பர் பன்னிரண்டாம் திகதி, காலை எட்டு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில் ஆள் வருவார்.

"மாதாவைத் தூக்கி அறைக்குள்ளை வைச்சிட்டு, சோபாவைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் பாப்பம்" என்றாள் யூலியா. இமெல்டா அக்கா சம்மதிக்கவில்லை. மாதா ஞாயிறு வரைக்கும் வைத்த இடத்தில்தான் இருப்பார். "அவ இருக்கிற கிழமையிலை வாற சம்பந்தம் எண்டா அவவுக்குத் தெரியாமலே வரும்? நீ பேசாமல் இரு." சொல்லிவிட்டு மகளுக்காக இன்னும் மூன்று திரி வைத்தார்.

சனிக்கிழமை எனக்கு றோல்ஸ் பொரிக்கிற வேலை. அக்கா மூன்று மணிக்கே திரிகளைக் கொளுத்திவிட்டார், மொத்தம் பத்தொன்பது. டெல்சி வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மின்சார ஹீட்டர் ஒன்றை அண்ணை ஹோலில் போட்டார். சமையலறையில் எண்ணெய்ச்சட்டி, மின்சார அடுப்பில் கேக், பீடத்தில் பல்புகள், அதோடு இந்த ஹீட்டர். வாசல் மணி அடித்த அதே நிமிடம், மழை மூட்டத்தில் ஏற்கெனவே இருண்டிருந்த வீடு முழுக்க மின்சாரம் போனது.

அப்படித்தான் வசந்த்குமாரும், தகப்பன் கோவிந்தராஜன் ஐயாவும், தாய் சாந்தா அம்மாவும் மெழுகுதிரி வெளிச்சத்தில் உள்ளே வந்தார்கள். ஐயா மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த காலோடு "ஃபியூஸ் பாக்ஸ் எங்க இருக்கு சார்?" என்று கேட்டு, தானே போய்த் தட்டிவிட்டு, "லோடு ஜாஸ்தி. அந்த ஹீட்டரை எடுத்துடுங்க" என்றார். இருந்த ஒரே சூடும் மூலைக்குப் போனது.

சாந்தா அம்மா குல்லா, கழுத்துக்குச் சால்வை, முழங்கால் வரை நீண்ட கோட், எல்லாவற்றோடும் சோபாவின் நுனியில் இருந்தார். யாரோ கோட்டைக் கழற்றித் தரச் சொன்னபோது "பரவாயில்லைங்க" என்றார். பேச்சு எங்கேயும் ஒட்டவில்லை. மன்னார் எங்கே இருக்கிறது என்று ஐயா கேட்டார், அண்ணை சொன்னார். திருச்சியில் மழையா என்று அண்ணை கேட்டார், ஐயா இல்லை என்றார். வசந்த்குமார் "அங்கிள், ஹீட்டிங்ல டைமர் ஏதாவது செட் ஆகியிருக்குமோ?" என்று கேட்டு, அண்ணை பார்த்த பார்வையில் றோல்ஸைக் கடித்தான். தேத்தண்ணி வைத்த பத்து நிமிடத்தில் ஆடை கட்டிவிட்டது. ஒருவரும் குடிக்கவில்லை. எனக்கு யூலியாவின் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. அவள் ஹைற்சுங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சாந்தா அம்மா புருசன் பக்கம் குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, இருட்டறதுக்குள்ள கிளம்பிடலாமா? விரல் எல்லாம் மரத்துப் போச்சு."

நாலரை மணிகூட ஆகவில்லை. அண்ணையின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. சாவியைப் பிடித்தாரோ சிலுவையைப் பிடித்தாரோ, எனக்குத் தெரியவில்லை.

சாந்தா அம்மா எழும்பினார். நல்ல மனிசி, போவதற்கு முன்னர் மாதாவைக் கும்பிடவேண்டும் என்றார். பீடத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். பிறகு தங்கள் வழக்கப்படி முக்காலிக்கு மேல் குனிந்து, திரிகளின் மேலே இரண்டு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சூடு நன்றாக இருந்திருக்கவேண்டும், மறுபடி காட்டினார், மறுபடியும் காட்டினார். பக்தி என்று இமெல்டா அக்காவின் கண் கலங்கியது. நிமிரும்போது பிடிமானத்துக்கு எட்டிப் பிடித்தது அந்தப் புதுக் குமிழை.

"ஐயோ, இது என்னங்க இப்படிச் சுடுது?" கையை உதறினார். மற்றக் கையால் ஹைற்சுங்கைத் தொட்டுப் பார்த்தார். "இரும்பு ஜில்லுனு இருக்கு. இந்த உருண்டை மட்டும் கொதிக்குது."

அண்ணை ஒரே பாய்ச்சலில் அங்கே நின்றார். குமிழைத் தொட்டார். குமிழிலிருந்து கண் கீழே இறங்கியது. அதற்கு நேர் கீழே முக்காலி, முக்காலியில் பத்தொன்பது திரி.

விசயம் இதுதான். அந்தக் குமிழ் தன்னைச் சுற்றி இருக்கிற காற்றைத்தான் அறை என்று நினைக்கும். காற்று சூடானால் அறை சூடாகிவிட்டது, போதும் என்று சுடுதண்ணீரை மறித்துவிடும். பகலில் திரி இல்லை, அதனால் அது ஒழுங்காக வேலை செய்தது. பின்னேரம் கீழே திரி எரிய எரிய, இங்கே கோடைகாலம் என்று நினைத்துப் பூட்டிக்கொண்டது. நாங்கள் குளிரில் மன்றாடினோம், மன்றாடத் திரி கூடியது, திரி கூடக் குளிர் கூடியது. இது தெரியாத ஆள் இல்லை அண்ணை. என் வீட்டுத் திரைச்சீலை குமிழை மூடுகிறது, அது மூச்சுவிடவேண்டும் என்று சொல்லி, என்னைக் கேளாமலே கத்தரிக்கோலால் ஒரு சாண் வெட்டிவிட்டுப் போன மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, அதைவிடச் சிரிப்பு வந்தது. றோல்ஸ் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கோவிந்தராஜன் ஐயாவும் வந்து குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசா சார்? அப்ப மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்தான். எங்க போர்டுக்கும் இப்படித்தான் அனுப்புவானுங்க. கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். விரிப்புப் பழசு என்று சொன்ன மனிதருக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஐயாவே வாய்க்குள் ஊட்டிவிட்டார், விழுங்கினால் போதும். "ஓம், இந்தக் கடைக்காரர்..." என்று தொடங்கியும் விட்டார். அப்போது யூலியா ஒருவரும் குடிக்காத கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணை கதையை நிறுத்தினார்.

"இல்லை ஐயா. சாமான் நல்ல சாமான்" என்றார். "திரியை இதுக்குக் கீழை வைச்சது நான். குமிழுக்குக் கிட்ட சூடு இருக்கக்கூடாதெண்டு ஊரெல்லாம் போய்ச் சொல்லிக் குடுக்கிறனான். என்ரை வீட்டிலை நானே விட்ட பிழை. அஞ்சாறு நாளாச் சனத்தைக் குளிரிலை இருத்தி வைச்சதும் நான்தான். நீங்களும் இவ்வளவு தூரம் வந்து குளிரிலை இருந்திட்டீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பதினாறு வருடத்தில் முதல் தடவை. இமெல்டா அக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

திரிகளை ஊதி அணைக்க வேண்டியதுதானே என்று வசந்த்குமார் குனிந்தான். அக்கா அவன் தோளைப் பிடித்து இழுத்தார். நேர்த்தித் திரி, தானாக எரிந்து முடியவேண்டும், ஊதக்கூடாது. தட்டத்தோடு தூக்கவும் ஏலாது, அது கொதிக்கிறது. சரி என்று எல்லோரும் ஆளுக்கொரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு குவளையாகச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனோம். கோவிந்தராஜன் ஐயா இரண்டு தடவை நடந்தார், வசந்த்குமார் நாலு தடவை. சாந்தா அம்மாவும் கோட்டோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, சுடர் அணையாமல் கையால் மறைத்து, அடிமேல் அடி வைத்துப் போனார். கடைசித் திரி மேசைக்குப் போன பிறகு அண்ணை குமிழை ஈரத்துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இரும்பு 'டிக்' என்றது. பிறகு குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம். எல்லோரும் எழும்பிப் போய் வரிசையாக ஹைற்சுங்கில் கை வைத்து நின்றோம்.

பத்து நிமிடத்தில் சாந்தா அம்மா குல்லாவை எடுத்தார். பிறகு சால்வை. கடைசியில் எழும்பி நின்று கோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். உள்ளே மயில்நீலப் பட்டுச் சேலை, அகலமான சரிகைக் கரை. எங்கள் வீட்டுக்கு என்று அந்த மனிசி பட்டு உடுத்து வந்திருக்கிறார். கோட்டுக்குள் ஒருவரும் அதைக் காணவில்லை.

நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டு புருசனைப் பார்த்தார்.

"கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம்ங்க. இவர் ஒரு தடவைகூட என் தப்புன்னு சொன்னதில்ல. வழி தப்பிப் போனாக்கூட ரோடு போட்டவன் மேலதான் பழி."

"அந்த ரோட்டுல போர்டே வைக்கல..." என்று ஐயா தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சாந்தா அம்மா அவரைக் கவனிக்கவில்லை. இமெல்டா அக்கா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, இன்னொரு டீ கிடைக்குமா? முதல்ல குடுத்தது ஆறிப்போச்சு."

அக்கா "ஓம், ஓம்" என்று எழும்பிச் சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில்தான் அந்தச் சொல் காதில் விழுந்தது போல, பக்கத்தில் இருந்த கதிரையைப் பிடித்து அப்படியே இருந்துவிட்டார். அருள் அண்ணை இன்னும் முழங்காலில்தான் இருந்தார், எழும்பவில்லை, முகத்தை எங்களுக்குக் காட்டவும் இல்லை. யூலியாதான் தேத்தண்ணி போட்டாள். அவள் சீனியை இரண்டு தரம் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், தடுக்க நேரம் இருக்கவில்லை. சாந்தா அம்மா ஒரு வாய் குடித்தார், ஒரு கணம் யூலியாவைப் பார்த்தார், பிறகு முழுவதையும் குடித்து முடித்தார்.